ஆறு கிலோமீட்டர் ராஃபியா

சுங்கை கெராய், செவ்வாய்க்கிழமை இரவுச் சந்தை.
கச்சான் வண்டிக்கும்
கைபேசி உறை விற்பவனுக்கும் இடையில்
ஒரு மடக்கு மேசை போட்டோம்.
‘பெருஞ்செல்வத்துக்கு வரி’
அட்டையில் எழுதியது நான்.
நகலெடுக்கும் கடைக்காரியின் கையெழுத்து,
கட்டத்துக்குள் அடங்கிப் பழகியது.

முதல் வாரம் பதினோரு கையொப்பம்.
அதில் நான்கு எங்களுடையது.

வரி என்று காதில் விழுந்ததும்
சட்டைப்பையைத் தொட்டுக்கொள்கிறார்கள்
பையில் ஒன்றும் இல்லாதவர்கள்.
பழக்குலை லாரி ஓட்டும் சன்னாசி கேட்டார்:
“எம் பொண்டாட்டி தாலிக்கொடிக்கும் போடுவாங்களா?”
இல்லை.
“என் பழைய புரோட்டோனுக்கு?”
இல்லை.
“இன்னிக்கி இல்லேம்பீங்க.”
பேனாவை மூடி வைத்துவிட்டு நடந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது.
தோட்டம் கைமாறிய வருஷம்
ஆளுக்கொரு வீடு என்ற தாளும்
என் கடையில்தான் நகலானது,
முந்நூற்று நாற்பது பிரதி.
வீடு இன்னும் தாளில்தான் இருக்கிறது.

ஹஸ்னா இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.
“பில்லியன் என்று வாயால் சொன்னால்
வெறும் காற்று” என்றாள்.
“காலால் சொல்வோம்.
ஒரு கட்டைவிரல் அகலம், பத்தாயிரம் வெள்ளி.”

இரும்புக்கடை லியோங் தவுக்கே
சிவப்பு ராஃபியாக் கயிற்றை
உருளை உருளையாக இறக்கினார்.
“இவ்வளவு எதுக்கு?”
“கட்டத்தான்.”
“யாரை?”
அவருடைய கடைவீடு மூன்றையும் அளந்தோம்.
ஆறரை மீட்டர்.
வரி தொடங்குவது இருபதாவது மீட்டரில்,
அப்பம் பாலிக் கடையைத் தாண்டி.
“நான் அவ்வளவுதானா?”
கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கையொப்பம் போட்டார்.

சன்னாசி வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்.
சேமநிதி நாற்பத்தேழாயிரம்,
முப்பத்தொரு வருஷ லாரி.
கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார்.
மறைந்துவிட்டது.
கையை எடுக்கவில்லை, வெகு நேரம்.

பிறகு அவரே கேட்டார்:
“அவங்களோடது?”

தோட்டத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம்
மூன்று பில்லியன்.
சன்னாசியின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால்
கயிறு அவிழ்ந்து ஓடியது.
மீன் கடை, தமிழ்ப்பள்ளி,
மாரியம்மன் கோயில், சீனர் இடுகாடு.
கயிறு தீரவில்லை.
செம்பனைக்குள் நுழைந்தோம்.
இருட்டில் கைவிளக்குகள்,
பையன்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு.
பழைய லயத்தின் அடிக்கல், ஆலை, கழிவுக்குளம்.
தீரவில்லை.
நெடுஞ்சாலை டோல் விளக்கு தெரிந்த இடத்தில்
கடைசி உருளை வெற்று அட்டையானது.
யாரும் பேசவில்லை.
ஒரு பையன் மட்டும்
வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது என்று அழுதான்.

நாங்கள் கேட்பது நூற்றுக்கு இரண்டு.
வருஷத்துக்கு நூற்றிருபது மீட்டர்.
பள்ளி வேலியில் பிடித்தால்
கிளினிக் வாசல் வரை வரும்;
டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும்
வரும் கிளினிக்.

அந்த வாரம் இருநூற்றுப் பதினாறு.
பணக்காரன் எல்லாம் சிங்கப்பூர் போயிடுவான்,
வேலையும் கூடவே போயிடும் என்றார்கள் சிலர்.
செம்பனை எழுந்து நடக்காது என்றார் சன்னாசி.
எல்லாரும் சிரிக்கவில்லை.
நானும் இரண்டு இரவு தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம்.
வழக்கறிஞர் முத்திரை, தடித்த தாள்.
‘எங்களுக்குச் சொந்தமான நிலத்தில்
அனுமதியின்றி இடப்பட்டுள்ள,
சுமார் 4.3 கிலோமீட்டர் நீளமுள்ள கயிற்றை
ஏழு நாளில் அகற்றவும்.’

ஹஸ்னா இரண்டு முறை படித்தாள்.
“அவங்களே அளந்திருக்காங்க.”

இயந்திரம் சூடாகும் வரை காத்திருந்தேன்.
ஐந்நூறு பிரதி,
ஒன்றுக்கு இருபது காசு.
கல்லாவில் என் காசைப் போட்டு
ரசீதும் எழுதிக்கொண்டேன்.