பெயர்க்காரணம்

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஃபிளக்ஸ் அடிக்கிற கடையில்
பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று தட்டுவது என் வேலை.
நாளைக்கு இரண்டு. மார்கழியில் நாலைந்து.

தையில் வந்தவன் மேற்கே ஒரு கொட்டாய்க்காரன்.
அப்பா பெயர் மாதப்பன். வயது ஐம்பத்தெட்டு,
அறுபதுன்னே போட்டுடுங்க.
கொண்டுவந்த படத்தில் அவர்
தரையில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்திருந்தார்.
கொஞ்சம் நிமிர்த்த முடியுமா?
பன்னிரண்டு வருஷமாகக் கழுத்து திரும்பாது,
யாராவது கூப்பிட்டால்
கதவு திரும்புவதுபோல் முழு உடம்பும் திரும்புமாம்.
தண்ணிதாங்க, என்றான். எங்க போர்த் தண்ணி.
அவன் பல்லில் காவிக் கோடு.
என் பல்லிலும் உண்டு.
உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டேன்.

அமரர்னா என்னங்க அர்த்தம்?
சாகாதவர்.
அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
விலையைக் குறைக்கச் சொன்னான்.

தர்மபுரிக் கல்லூரியில் தமிழ் படித்தவள் நான்.
ஓர் ஆசிரியர் கரும்பலகையில் சொல்லை உடைத்து எழுதினார்:
அ. மிருதம்.
மிருதம் என்றால் செத்தது, அ என்றால் இல்லை,
குடித்ததற்கும் குடித்தவருக்கும் ஒரே வேர்.
அடுத்த வகுப்பில் இன்னொருவர் வந்து அதை அழித்தார்:
அமிழ்து நம்ம சொல்லம்மா.
அமிழ். முங்கு. ஆழத்தில் கிட.
பரீட்சையில் இரண்டையும் எழுதிவைத்தேன்.
இரண்டுக்கு ஒரு மதிப்பெண்.

முங்கிக் கிடப்பதைத் தேடித்தான்
நான் ஆறாவது படிக்கையில்
திருச்செங்கோட்டு வண்டி எங்கள் கொல்லைக்கு வந்தது.
குழாய்க்கு மேல் குழாய், விடிய விடியக் கடைந்தது.
வால் பக்கம் யார், தலைப் பக்கம் யார், தெரியவில்லை.
வட்டிக்கு விட்டவர் மட்டும்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.
முதலில் புழுதி. அப்புறம் சாம்பல் சேறு.
அறுநூற்று நாற்பதாவது அடியில்
வெள்ளையாய் எகிறி எல்லாரையும் நனைத்தது.
அம்மா கையில் ஏந்தி முதல் வாய் குடித்து
இனிக்குதே, என்றாள்.

கதையில் நஞ்சு தனியாக வரும்.
நீலமாக வரும், இன்னதென்று தெரியும்,
விழுங்கித் தொண்டையில் நிறுத்திக்கொள்ள ஒருவர் இருப்பார்.
எங்களுக்கு இரண்டும் ஒரே குடத்தில் வந்தன.
தொண்டையில் நிற்கவில்லை.
எலும்பில் போய் உட்கார்ந்தது.

அப்புறம் ஆபீசர்கள் வந்து
அடிபம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள்.
அப்புறம் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது,
வருகிற நாளில்.

மாதப்பனை நிமிர்த்தி முடிக்க ராத்திரி மணி பதினொன்று.
முதுகைக் கத்தரித்து, தோளை
வேறொரு செத்தவரிடம் கடன் வாங்கி ஒட்டினேன்.
எப்போதும் போடும் ரோஜா மாலை, வாடாது.
கண் இமைக்காது.
இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே கட்டினால்
கால் மண்ணில் படாது.
தேவர்களுக்குச் சொன்ன அடையாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

நூற்றைம்பது ரூபாய் பாக்கி.
பங்குனியில் நானே பஸ் ஏறிப் போனேன்.
தக்காளி கிலோ மூணு ரூபாய்க்குப் போவுது,
பணம் இல்லீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க, என்றான்.

வாசலில் நீல டிரம்.
அதன் வாய்க்கு மூடியாக மாதப்பன்,
வானத்தைப் பார்த்தபடி, நெஞ்சில் ஒரு செங்கல்.
விளிம்பைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்தில்
‘மரர்’ மட்டும் தெரிந்தது.
‘அ’ மடிந்து உள்ளே போயிருந்தது.

குழாய்த் தண்ணிதான், பயப்படாம குடிங்க.
செங்கல்லை இறக்கி, கயிற்றைத் தளர்த்தி,
அப்பாவை ஓரமாக ஒதுக்கி
மொண்டு தந்தான்.

இனிக்கவில்லை.
இன்னொரு சொம்பு கேட்டேன்.