நீரில் கண்டம்

நிகோஸி என்றால் எங்கள் மொழியில் வால்நட்.
ஓட்டுக்குள் எவ்வளவு கொஞ்சம் இருக்கிறதென்று
நனைந்த பிறகுதான் காட்டும் இந்த நாய்.

மழைக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் பத்தூமி.
இங்கே வந்து பிறந்திருக்கிறது
நீரில் கண்டமுள்ள ஒரு ஜீவன்.
ஒரு பாட்டம் ஓய்ந்து அடுத்தது தொடங்குமுன்
படியிறங்கி
மக்னோலியா மரத்தடியில் அவசரமாய்க் கால் தூக்கி
தேங்கிய குட்டைகளை ஒவ்வொன்றாய்ச் சுற்றி
நீதிபதி போல நடந்து திரும்பும்.

இன்று கூழாங்கல் கரையில்
செத்த நெத்திலிக் குவியல் ஒன்றைக் கண்டது.
கழுத்தைக் கொடுத்தது, தோளைக் கொடுத்தது,
முதுகை முழுசாய்க் கொடுத்துக்
கண்மூடிப் புரண்டது.
அத்தர் பூசிய மாப்பிள்ளையாய்
என்னிடம் ஓடி வந்தது.
மினிபஸ் ஓட்டுநர் கதவைத் திறக்கவேயில்லை.
நாற்பது நிமிடம் நடந்தோம்.

குழாயைத் திறந்தால்
சமையலறைச் சுவரில் கேஸ் கொதிகலன்
பக்கென்று பற்றும்.
அந்தச் சத்தத்துக்கே கட்டிலடியில் போய்விட்டது,
சுவரோடு சுவராய்.
தரையில் படுத்துக் கை நீட்டினேன்.
பாலாடைக் கட்டி காட்டினேன். திட்டினேன்.
பெயரைச் சொல்லிச் சொல்லி
எது அழைப்பு எது கெஞ்சல் என்று
எனக்கே தெரியாமல் போனது.
கடைசியில்
முன்னங்காலைப் பிடித்து இழுத்தேன்.
எழுத வெட்கமாய் இருக்கிறது.

தொட்டிக்குள் நிறுத்தினால்
நாலு கால் நாற்பது காலாகிறது.
எனாமலை நகம் கீறும் ஒலி
என் பல்லில் கேட்டது.
குவளையால் ஊற்றினேன்,
மெதுவாய், வெதுவெதுப்பாய்.
ஊற்ற ஊற்ற
நாய் குறைந்துகொண்டே வந்தது.
பஞ்சு போன இடத்தில் விலா எலும்பு.
கண்கள் மட்டும் அதே அளவில்.
உள்ளங்கைக்கடியில் இருதயம்,
பூட்டிய அறையை
உள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி.

எந்தத் தண்ணீர், யார், எப்போது?
காப்பகம் தந்த தாளில் அந்தக் கட்டம் காலி.
ஒன்றுமே நடக்காமலும் இருக்கலாம்.
நான் லிஃப்டில் ஏறுவதில்லை.
எனக்கும் ஒன்றும் நடந்ததில்லை.

சோப்பு கழுத்துக்கு வந்தபோது துள்ளியது.
தொட்டி மட்டும்தான் கவிழவில்லை.
வாளி உருண்டது, அலமாரி சரிந்தது,
தரையெல்லாம் குளம்.

கீழ்வீட்டு ரெவாஸுக்கும் எனக்கும்
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
என் குளியலறையின் வரைபடம்
அவர் கூரையில் பழுப்பாய் இருக்கிறது.
கதவு இடிந்தது.
நெற்றியில் சொட்டிய துளியைத் துடைக்காமல்,
சாட்சிக்காக அப்படியே வைத்துக்கொண்டு,
மூன்று மாடிக்கும் கேட்க
"மாக்வாலா, இந்தத் தடவை" என்று தொடங்கினார்.

அவ்வளவுதான் முடிந்தது.
நுரையோடு ஒரு வால்நட்
என் கால்களுக்கிடையில் பாய்ந்து
அவர் கம்பளிச் சட்டையில் ஏறப் பார்த்தது.
தள்ளிவிடத்தான் குனிந்தார்,
நான் பார்த்தேன்.
குனிந்த கை தூக்கிக்கொண்டது.

பிறகு அவர் பிடித்தார், நான் ஊற்றினேன்.
அவர் நிறுத்தவில்லை.
சுண்ணாம்புக்கு எவ்வளவு, பெயின்டுக்கு எவ்வளவு,
கூலியாள் எத்தனை நாள் வராமல் ஏமாற்றினான்,
இரண்டு வருஷக் கணக்கையும்
அதன் காதில் தாழ்ந்த குரலில்
ஒப்பித்துக்கொண்டே இருந்தார்.
வசவு என்று அதற்குத் தெரியவில்லை.
கண் சொருகியது.

ஹேர் டிரையரை எடுத்தேன்.
இருவரும் ஒன்றாய் என்னைப் பார்த்தார்கள்.
உள்ளே வைத்துவிட்டேன்.

துண்டால் துவட்டினோம்.
காதுமடலை மலர்த்தி, விரலிடுக்கை விரித்து,
ஈரத்தைத் தேடித் தேடி.
வயிறு பக்கம் போனபோது
ஒரு காலைத் தானே தூக்கிக் கொடுத்தது.
துவட்டி முடித்தோம் என்று நாங்கள் நிமிர்ந்ததும்
ஒரு சிலிர்ப்பு,
மூக்கிலிருந்து வால்நுனி வரைக்கும்.
சுவர், கண்ணாடி, ரெவாஸின் மூக்குக்கண்ணாடி,
எல்லாம் மறுபடி மழை.

இப்போது அடுப்போரம் அவர் கம்பளிச் சட்டைக்குள்
உருண்டையாய்த் தூங்குகிறது.
சட்டையைக் கேட்கவும் மனமில்லாமல்
விட்டுப்போகவும் மனமில்லாமல்
உள்பனியனோடு உட்கார்ந்திருக்கிறார்.
கீழே அவர் வீட்டில்
வைத்த பாத்திரத்தில் சொட்டுவது
இங்கே கேட்கிறது.
"நாளைக்கு ப்ளம்பர்" என்றேன்.
"உஷ்" என்றார்.

இடது காதுக்குப் பின்னால்
இன்னும் கொஞ்சம் நெத்திலி மணக்கிறது.
இருக்கட்டும்.