இருபதில் இருப்பது யார்

பின்னிரவு இரண்டே முக்கால். கார்த்லாவில் பனி
பாதிச் சன்னல்வரை ஏறிவிட்டது.
கடலுக்கு இந்தப் பக்கம் நான்,
தீவில், கம்பளிக் காலுறையில்.
அந்தப் பக்கம் ஹாப்சலுவில்
பூட்டிய அலுவலகத்துக்குள்
படகு நேரங்களை வைத்திருக்கும் கணினி.
ஐந்தரை மணிப் படகை ஏழுக்குத் தள்ள வேண்டும்,
நீரிணையில் பனிக்கட்டி தடித்துவிட்டதாம்.
கேப்டன் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

விபிஎன் இணைந்துவிட்டதாம்.
பச்சைப் பூட்டு, பச்சை எழுத்து.
சுரங்கம் திறந்துதான் கிடக்கிறது,
என் பேச்சு மட்டும் அதற்குள் நுழைய மறுக்கிறது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு,
ஒன்று, இருபது.
பிங் அனுப்பினேன். பதில் வந்தது.
மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது.
படகு அட்டவணையைத் திறந்தால்
ஆளில்லை என்றது.
ஆளில்லாத வீட்டிலிருந்து
யார் குரல் கொடுக்கிறார்கள்?

உர்மாஸை எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே கேட்டான்:
எத்தனை மில்லிசெகண்ட்?
ஒன்றுகூட இல்லை, என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு சிரித்தான்.
"வைகே, டாலின் சுற்றி ஹாப்சலு போகிற பாக்கெட்
அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.
உனக்குப் பதில் சொல்வது
உன் வீட்டுக்குள்தான் இருக்கிறது."

நெஞ்சு ஒரு கணம் சில்லிட்டது, பொய் சொல்லவில்லை.
மாடியில் ஹெய்கியின் குறட்டை.
ஃபிரிட்ஜின் முனகல்.
உலாவியில் எண்ணைப் போட்டுப் பார், என்றான்.
போட்டேன். திரையில் ஒரு குட்டித் தீச்சுடர்:
சௌனா. மைனஸ் நான்கு. அடுப்பை மூட்டவா?

ஹெய்கி அக்டோபரில் வாங்கி மாட்டியது.
ஒரு மணி நேரமாக நான்
படகு எப்போது என்று கேட்டது
தோட்டத்து மூலையில் குளிர்ந்து கிடக்கும் அந்த அடுப்பிடம்.
அதுவும் சளைக்காமல்
இருக்கிறேன், இருக்கிறேன் என்றிருக்கிறது.

அலுவலகத்திலும் இதே எண்கள், என் வீட்டிலும் இதே எண்கள்.
கடையில் ரவுட்டர் அப்படித்தான் வருகிறது,
யாரும் மாற்றுவதில்லை.
பக்கத்திலேயே ஓர் இருபது இருக்கும்போது
கணினி எதற்குக் கடல் தாண்டும்?
அதைக் கோபிக்க முடியவில்லை.
அக்காவிடம் கேட்க வேண்டியதை எல்லாம்
பதினொரு வருடமாக
கைக்கெட்டிய ஆட்களிடம்தான் கேட்டு வருகிறேன்.
உர்மாஸிடம் இதைச் சொல்லவில்லை.

அவன் சொன்னான்:
"எது குறிப்பான வழியோ அதுதான் ஜெயிக்கும்.
உன் வீடு தெருவையே என்னுடையது என்கிறது.
நீ ஒரே ஒரு கதவைக் காட்டு."
தட்டினேன். இருபது, அது மட்டும், சுரங்கம் வழியே.
விரல் பிசகி ஒருமுறை தப்பானது,
அழித்துவிட்டு மறுபடி.

இருபத்து மூன்று.
இருபத்து நான்கு.
இருபத்து மூன்று.
தாமதத்தைக் கண்டு இப்படி மகிழ்ந்ததே இல்லை.
தூரம் என்றால் தூரம் மாதிரி இருக்க வேண்டும்.

ஐந்தரையை ஏழாக்கிச் சேமித்தேன்.
ரோகுகுலாவில் லாரிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்.

"இந்தக் குளிர் பத்து நாள் நீடித்தால்
கடல்மேல் சாலை திறப்பார்கள்," என்றான் உர்மாஸ்,
"சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டி வருகிறேன்.
சௌனாவைச் சூடாக்கி வை."

வை என்கிறான்.
இந்தக் கணினியில் இருபது என்றால்
இனி ஹாப்சலு.
அடுப்பை மூட்ட வேண்டுமென்றால்
பூட்ஸ் மாட்டிக்கொண்டு
தோட்டத்தைக் கடந்து
நடந்துதான் போக வேண்டும்.