தலைக்கனம்

துலூத்தில் மார்ச் இன்னும் குளிர்காலம்தான்.
பல் மருத்துவமனையின் பின்னறையில்
ஹீட்டர் எனக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் பொது.

ஓய்வுக்காலக் கணக்குகளை எடை போட்டேன்.
டாக்டர் ஹால்வர்சன், அவர் மனைவி, கூடவே தொழில் செய்யும் மகன்:
மூவர் பங்கு மட்டும்
நூற்றுக்கு அறுபத்தொன்றரை.
அறுபதைத் தாண்டினால்
சட்டம் அதைத் தலைக்கனம் என்கிறது.
எந்த டாக்டரையும் மனதில் வைத்துச் சொன்னதல்ல.

யாரும் புதிதாகப் பேராசைப்படவில்லை.
பதினெட்டு வருடம் ஊரார் பல்லைச் சுரண்டிய இங்க்ரிட்
தன் பணத்தோடு அரிசோனாவுக்குப் போனாள்.
ஒரு வருடம் கழிந்தது.
தராசிலிருந்து அவள் பெயர் இறங்கியது,
தட்டு சாய்ந்தது.
அடியில் சுமையில்லாத கப்பல் எப்படி ஆடும் என்று
இந்தத் துறைமுகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

"மூன்று சதவீதம் போட வேண்டும்" என்றேன்.
"யாருக்கு?"
"ஆண்டின் கடைசி நாள் வேலையில் இருந்த எல்லோருக்கும்.
உங்கள் மூவரைத் தவிர."
"ஒரு டாலர்கூடப் போடாத ராய்க்குமா?"
"போடாத ராய்க்கும்."
இருபது வருடமாக மற்றவர்களைக்
கடிக்காதே என்று சொன்னவர்
பல்லைக் கடித்தார்.

ராய் பெலாஞ்சர். இரவில் தரை துடைப்பவர்.
சேமிப்புப் படிவம் கொடுத்தால்
பூஜ்யம் போட்டுத் திருப்பித் தருவார்,
நல்ல உருண்டையான பூஜ்யம்.
சம்பளம் முப்பத்தோராயிரத்து நானூறு.
மூன்று சதவீதம் என்றால்
தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.

சொன்னதும் வாளியைக் கீழே வைத்தார்.
"இப்ப எடுக்கலாமா? வண்டிக்கு டயர் போடணும்."
முடியாது என்றேன். வயதாக வேண்டும்.
"அது ஆயிக்கிட்டுதான் இருக்கு.
யார் கொடுத்தது, டாக்டரா?"

டாக்டர் என்று சொல்லியிருக்கலாம்.
இங்க்ரிட் என்றாலும் முழுப் பொய்யில்லை.
"கணக்கு" என்றேன்.

"கணக்கு இதுவரைக்கும்
எங்கிட்டேர்ந்து எடுத்துட்டுத்தான் போயிருக்கு"
என்றவர் சீட்டை நாலாக மடித்தார்,
பிரித்தார், தொகையை மறுபடி பார்த்தார், மடித்தார்.

அன்று டாக்டரின் அறையைக்
கடைசியாகத்தான் துடைத்தார்.

பத்தரை மணிக்கு
வெளியே பனிக்கட்டியில்
தேய்ந்த டயர் இரண்டு தரம் வெறுமனே சுழன்று
பிறகு பிடித்தது.