ஆறப் பொறுத்தல்

டாக்டர் ஃபரங்கீஸின் பையில்
ஸ்டெதாஸ்கோப்புக்கும் மேலே கிடக்கும்
ஒரு வெப்பமானி, ஒரு நகவெட்டி.
ஜீப் ஓட்டியது நான்,
பதினெட்டு வருடம்.

புல்வெளி தேய்ந்து மணலாகும் இடத்தில்
எங்கள் துர்க்மேனிய வீடுகள்.
நாய் குரைக்கும். கம்பளம் விரியும்.
உதட்டுத் தோலை உரிக்கிற சூட்டில்
தேநீர் வரும்.
"எப்போது குடிப்பீர்களோ அப்போது சொல்லுங்கள்" என்பார்.
சொன்னதும் கோப்பைக்குள் வெப்பமானி.
அறுபத்தெட்டு.
அடுத்த வீட்டில் எழுபத்தொன்று.

குதிரைக்கார ஒராஸ்கெல்தி
கொதிக்கக் கொதிக்க விழுங்கிவிட்டு
என்னிடம் கண்ணடித்தான்:
"தெஹ்ரான்காரி தேநீருக்குக் காய்ச்சல் பார்க்கிறாள்."
எங்கள் மொழி அவருக்குப் புரியாதென்று
நானும் சிரித்துத் தொலைத்தேன்.
"நூற்று அறுபத்தைந்தாவது நோயாளி,
காய்ச்சல் அதிகம்" என்று
துர்க்மேனியிலேயே சொல்லி
எழுதிக்கொண்டார்.

அந்த வியாதிக்கு எங்கள் பக்கம்
பெயர் சொல்ல மாட்டோம்.
வசந்தத்தில் "ரொட்டி இறங்கவில்லை" என்போம்.
கோடையில் "சோறும்."
பனி விழும்போது
தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைப்போம்.

கால் பெருவிரல் நகத்தை வெட்டி
உறையில் இட்டு எண் போடுவார்.
"சூனியம் வைக்கவா?" என்றாள் ஒரு மருமகள்.
"அப்படித்தான் வைத்துக்கொள்.
பலிக்க இருபது வருடமாகும்."

தலைநகரிலிருந்து பணம் வராத குளிர்காலத்தில்
மின்சாரம் போய்
ரத்தக் குப்பிகள் வியர்க்கத் தொடங்கின.
ஜீப்பிலிருந்து டீசலை வாயால் உறிஞ்சி
ஜெனரேட்டருக்கு ஊற்றினேன்.
அன்று அவர் மகனுக்குக் கல்யாணம், ஷிராஸில்.
போனில் கத்தி வாழ்த்தினார்.
அந்த இரைச்சலில்
மகனுக்கு என்ன கேட்டதோ.

கடைசியில் வந்தது பதினோரு பக்கக் கட்டுரை.
சூடு ஒரு காரணம், அபின் புகை ஒன்று,
வறுமை ஒன்று,
இன்னும் தெரியாதது பாதி.
"ஆறவைத்துக் குடியென்று
முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"
கோபமாகத்தான் கேட்டேன்.
"முதல் நாள் எனக்குச் சந்தேகம்தானே இருந்தது,
அன்னாதுர்தி.
சந்தேகத்தை எப்படி மருந்தென்று கொடுப்பது?"
சொல்லிவிட்டு
ஜன்னல் கண்ணாடியை ஏற்றி
பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்க ஊற்றிக் குடித்தார்.
"இதை எழுதாதே" என்றார்,
எழுதத் தெரியாத என்னிடம்.

ஒராஸ்கெல்தி வந்தபோது
சோறும் நின்றுபோயிருந்தது.
குழாய்க்குள் விளக்கை விட்டுப் பார்த்தவர்
அன்று முழுக்க
என்னிடம் பாதைகூடச் சொல்லவில்லை.

இழவு வீட்டில்
அவன் மனைவி எல்லோர் முன்னும் தேநீர் வைத்தாள்.
ஒருவர்கூடக் கோப்பையைத் தொடவில்லை.
துக்கத்தாலா,
டாக்டர் உட்கார்ந்திருந்ததாலா,
எனக்குத் தெரியாது.
பை மூடியே இருந்தது.
ஆவி அடங்கட்டும் என்று
எல்லோரும் காத்திருந்தோம்.