இரண்டு மில்லியாம்பியர்

டொரோரோவில் இடி இடிக்காத நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
மழையில் பிறந்ததால் அகோத் என்று பெயர்;
சிமெண்ட் ஆலையின் சிக்னல் பெட்டியைத் திறக்கிறாள்.

நேற்றைய மின்னலை வாங்கிக்கொண்ட
சுண்டுவிரல் கனக் காப்பான்
கருகவில்லை. நாற்றமும் இல்லை.
திரையில் பேரிங் எண்ணெய்ச் சூடு
அறுபத்தைந்து. பச்சை.

மீட்டரை இரு பக்கமும் வைக்கிறாள்.
நுழைவது பதின்மூன்று மில்லியாம்பியர்,
வெளியேறுவது பதினொன்று.
மிச்சம் இரண்டு
மண்ணுக்குள் கசிகிறது.

"செத்திருந்தால் தேவலை, ஒஃப்வோனோ.
செத்தால் சுழியம் காட்டும், சைரன் கத்தும்,
சூளை தானாய் நிற்கும்.
இது உயிரோடிருந்து
கொஞ்சமே கொஞ்சம்
பொய் சொல்கிறது."

எண்பதில் நின்றிருக்க வேண்டிய சூளை
எண்பத்துநான்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலாளர் வரட்டுமே, என்றான்.
மலைக்குப் பின்னால் மறுபடி உறுமல்.

அவள் கை ஏற்கெனவே
சிவப்புப் பொத்தானில்.