கழிவு

பள்ளியில் கேட்டார்கள்:
உனக்கு முக்கியமான மூன்றை எழுதி வா.
அப்பா, மோனிஷா, பொய் சொல்லாமல் இருப்பது
என்று எழுதினேன்.
கோடு போட்ட தாளில்
ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன மூன்றும்.

முள்ளிமுனையில் எங்கள் நண்டுக் கொட்டகைக்குக்
காலை ஆறரைக்குக் கூடைகள் வரத் தொடங்கும்.
அப்பா எடை போடுவார். நோட்டு என் பொறுப்பு.
கூடையோடு எத்தனை, கழிவு எத்தனை, மீதி எத்தனை.
கழிவுப் பத்தியை மட்டும்
யாரையும் கேட்காமலே எழுதிவிடலாம்:
ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை,
பக்கத்தின் அடிவரை.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரம்,
வெறுங்கூடையைத் தராசில் வைத்தேன்.
விளையாட்டாகத்தான்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன: 1.110.
ஈரக் கூடை கனக்குமே என்று
ஒரு வாளி கடல்தண்ணீர் ஊற்றி மறுபடி வைத்தேன்.
1.150.

கிலோ நானூறு ரூபாய்.
முந்நூற்றைம்பது கிராமுக்கு நூற்றி நாற்பது.
என் சைக்கிள் ஐயாயிரத்து அறுநூறு.
நாற்பது கூடை.

அதன் கேரியரில்தான் தினமும் மோனிஷா வருகிறாள்.
எதிர்காற்றில் நான் மூச்சு வாங்கினால்
"எறங்கிக்கிறவா?" என்று கேட்பாள்.
அவள் அம்மா கொண்டுவந்த நண்டில்
எத்தனை கூடை ஹேண்டில்பார் ஆனது,
எத்தனை கூடை மணி?

அப்பாவிடம் கேட்டேன்.
ஐஸ் பாளத்தை உடைத்துக்கொண்டே சொன்னார்:
"மண்டபத்துக் கம்பெனிக்காரன் நம்மகிட்ட
ரெண்டு கிலோ கழிக்கிறான். அவன்ட்டப் போய்க் கேளு."
பிறகு, உடைப்பதை நிறுத்தாமல்,
"கேக்கத்தான் முடியுமா."
அது பொய் இல்லை.
பொய்யாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

மோனிஷாவிடம் சொல்லலாம்.
சொன்னால், கொட்டகைப் பக்கம் வரும்போது
அவள் அப்பாவை எப்படிப் பார்ப்பாள்
என்று நினைத்துப் பார்த்தேன்.
சொல்லவில்லை.
இரண்டு நாள், செயின் கழன்றுவிட்டது என்று
அவளோடு நடந்தே பள்ளிக்குப் போனேன்.
செயின் கழலவே இல்லை.
தாளில் மூன்றாவதாக எழுதியது
அங்கேயே போயிற்று.

அடுத்த நாள் நாகஜோதி அத்தை கூடையை இறக்கியபோது
பேனா பத்தியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.
1.150 என்று எழுதினேன்.
அப்பா மீதியை மட்டும் பார்த்துப்
பணம் எண்ணிக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் அத்தை திரும்பி வந்தார்.
நைட்டி மேல் போட்ட துண்டின் முனையை அவிழ்த்தபடி,
"அண்ணே, நூத்தி நாப்பது கூட வந்திருக்கு.
புள்ள கழிவைத் தப்பா எழுதிருச்சு போல.
வையாதீக, சின்னப் புள்ள."

ஒரு நூறு, இரண்டு இருபது.
தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.
தராசு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.
0.000.

அப்பா நோட்டை இழுத்தார்.
என் 1.150 மீது விரலை வைத்துக்கொண்டு
கண் சரியாகத் தெரியாதவர் போல
வெகுநேரம் பார்த்தார்.
வைதிருந்தால் அழுதிருப்பேன்.
வையவில்லை.
பணத்தை எடுக்கவும் இல்லை.

அடுத்த கூடை வந்தது.
அதை அந்தப் பணத்தின் மேலேயே தூக்கி வைத்தார்.
"பதினொன்னு இருநூறு" என்றார்.
கழிவைச் சொல்லவில்லை.
அதை எப்போதும் சொன்னதில்லை.
ஆனால் இன்றைக்கு,
நான் எழுதி முடிக்கிறவரை
கூடையை இறக்காமல்,
என்னையும் பார்க்காமல்,
உப்பங்கழிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே மோனிஷா மணியடித்தாள்,
என் சைக்கிள் மணியை,
நேரமாச்சு, வா என்று.